பெரியம்மான்னு கூப்பிடாத

— பெரியம்மான்னு கூப்பிடாத. பேரு வேணும்னா பேச்சின்னு எழுதிக்க, அது போதும்.

— சரிங்க சின்னம்மா.

— அதுவும் வேணாம்!

— கல்லு மால வாங்க வந்தவங்கள மொற சொல்லாம எப்பிடிக் கூப்பிட? அக்கான்னு சொல்லவா?

— அக்காவா? ஏம் மகன் ஒன்னவிட ரெண்டு வயசு மூப்பு. அவன் ஒனக்கு மகன் மொறையாயிருவான்... நல்லாருக்கும்!

— அவரு எனக்கு என்ன மொறையானா என்னங்க? அவரா மால வாங்க வந்துருக்காரு?

— அதுக்கில்ல... பொதுவாச் சொன்னேன். பானுப்பிரியாங்கிறது நீதான? என்னத்தா இது, கடகடன்னு சத்தம்? மாவாட்டுறியா?

— மாவு இல்லங்க, கல்லு. பழைய கிரைண்டர் மோட்டாரு, மேல பெயிண்டு வாளி. உள்ள கல்லையும் தண்ணியையும் உரசுற பொடியையும் போட்டு உருட்டணும். நாலு வாரம் உருண்டாத்தான் பளபளப்பு வரும்.

— நாலு வாரமா! பொங்கலுக்குப் போட்டா மாசியிலதேன் எடுக்கணும் போல. கல்லு எங்க கெடைக்குது?

— குரங்கணி ஆத்துல. கொண்டாந்து குடுக்க ஆளு இருக்கு.

— ஆளா... என்ன ஆளு?

— ஒரு ஜீப்பு டிரைவரு. ஏலக்காத் தோட்டத்துக்கு ஆளுகள எறக்கி விட்டுட்டு, வர்ற வழியில பொறுக்கிட்டு வருவாரு. என்னங்க... கல்லப் போயி மோந்து பாக்குறீங்க?

— பழக்கந்தேன். இருவது வருசமா போடியில ஏலக்கா பொறுக்குற சோலி. எதத் தொட்டாலும் கை தானா மூக்குக்குப் போயிருது.

— கல்ல மோந்து பாக்குற ரெண்டாவது ஆளு நீங்க.

— மொத ஆளு யாரு?

— அந்த ஜீப்புக்காரருதான்.

— ...ம்.

— அட! பேசிக்கிட்டே தட்டுல கெடந்ததப் பூராம் தரம் பிரிச்சுட்டீங்களே!

— கை சும்மா இருக்காதுத்தா. இந்தா, இதுல கீறல் இருக்கு. தள்ளு.

— எங்க...? எங் கண்ணுக்குத் தெரியலையே.

— கண்ணுக்குத் தெரியாது, வெரலுக்குத்தேன் தெரியும். ஒனக்குக் கூடமாட ஒரு ஆளு வேணும்... சரி, அது கெடக்கு. வந்த சோலியச் சொல்றேன். எனக்குத் தெரிஞ்சவ ஒருத்தி தேவாரம் ஊருல இருக்கா. அவ மகன், கட்டுனா கல்லுக்காரப் புள்ளையத்தேன் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அவளுக்குக் கொஞ்சம் பயம். என்னைய விசாரிச்சுட்டு வரச் சொன்னா.

— விசாரிங்க.

— அந்தப் புள்ள சோறாக்குமா, இல்ல கல்ல அவிச்சுப் போடுமா?

— சோறாக்கும். அரிசியில கல்லு கெடந்தா அதையும் பாலீசு போட்டு வச்சுரும்.

— வாயப் பாரு வாய!

— அடுத்தது கேளுங்க.

— கல்யாணத்துக்குப் பெறகும் இந்த வாளி உருளுமான்னு கேக்கச் சொன்னா.

— உருளும்.

— மாமியா வேணாம்னு சொன்னா?

— ...அந்தப் புள்ளைக்கு அவரு மேல உசுருங்க. அவரு ஜீப்பு ஆரன் கேட்டாப் போதும், கையில இருக்கிறதப் போட்டுட்டு வாசலுக்கு ஓடியாந்துரும். ஆனாலும் இத விடச் சொன்னா... கல்யாணத்த விட்டுரும். அழுதுக்கிட்டேதான் விடும். ஆனா விட்டுரும்.

— அழுதுக்கிட்டேவா...

— ஆமாங்க. தெரிஞ்சவங்ககிட்ட இதையும் சொல்லிருவீங்களா?

— யோசிக்கிறேன்... மாடியில வச்சா சத்தம் கீழ கேக்காது. எங்க மாடி சும்மாத்தேன் கெடக்கு.

— எங்க மாடியா?

— அவ மாடி! அவ மாடி! நாக்குக் கொழறுது, தண்ணி கொண்டா...

— இந்தாங்க. மெதுவாக் குடிங்க.

— ஒஞ் சோலிய எவ விடச் சொல்றா? நானெல்லாம் தாலி கட்டி மூணாம் நாளே ஏலக்கா பொறுக்கப் போனவ. எம் மாமியா மொறைச்சா... நான் திரும்பிப் பாக்கலையே! நீ உருட்டுத்தா. நல்லா உருட்டு.

— தெரிஞ்சவங்க இதுக்கு ஒத்துக்குவாங்களா?

— அவள நான் பாத்துக்கிறேன். இந்தா, இந்தக் கல்லுக்கு ஒரு ஜோடி தேடிக் குடு. கம்மலாப் போடணும்.

— நல்ல பச்சையா இருக்கே... எங்க கெடச்சது?

— தொவைக்கப் போட்ட சட்டப் பையில கெடந்துச்சு.

— யாரு சட்ட?

— அதேன்... தெரிஞ்சவ மகன் சட்ட.

— அவங்க மகன் சட்டைய நீங்க எதுக்குத் தொவைக்கிறீங்க?

— ஆத்தாடி! ஒனக்கு வாய்க்கிற மாமியா பாவந்தேன்!

— அவங்க சமாளிச்சுருவாங்க. இந்தாங்க, ஜோடி.

— அதுக்குள்ளயா? அதே பச்ச... அதே வெள்ளக் கோடு! எப்பிடித்தா?

— ஒரே கல்லு, ரெண்டா ஒடஞ்சது. ஒண்ண இங்க வச்சுக்கிட்டு, இன்னொண்ண நாந்தான் அந்தச் சட்டப் பையில போட்டு விட்டேன்.

— நீயா! எதுக்கு?

— தொவைக்கிறவங்க தேடி வரட்டுமேன்னு. அந்த மனுசன் மூணு வாரமா அந்தச் சட்டையத் தொவைக்கப் போடவே இல்ல!

— அதேன் அந்த நாத்தமா! ...ஏய், இரு இரு. அப்ப நான் யாருன்னு ஒனக்கு...

— அந்த ஜோடி இருந்த டப்பா மூடியில பேரு எழுதிருக்கு, பாருங்க.

— கண்ணாடி கொண்டாரலத்தா. நீயே படி.

— ‘ஒச்சம்மா அத்தைக்கு’ன்னு எழுதிருக்கு. நீங்க பேச்சின்னு சொல்றதுக்கு மூணு வாரம் முன்னாடியே எழுதுனது, அத்த.