ஆறுகண் பறவையின் மூன்றாம் பாகம்

— இது வேணாம் புள்ள, வெச்சிடு. வாப்பாட துக்கத்துக்கு உம்மா இத்தா இருக்கிற நேரம் மந்திரவாதிப் படம் போட்ட புத்தகத்தக் கொண்டு போய்க் குடுத்தா நாலு சனம் என்ன கதைக்கும்?

— நாலு சனமா உம்மாவோட அறைக்குள்ள இருக்குது? நான்தானே இருக்கிறன், நானா. வாப்பா மௌத்தாகின நாளிலிருந்து சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கிற மனிசி ஒண்டே ஒண்டு கேட்டிச்சு. "ஸஃப்னா, ஆறுகண் பறவை மூணாம் பாகத்த வாங்கிட்டு வா மகள், நானாவையும் கூட்டிட்டுப் போ" எண்டு. ஒரு வாய் சோறு கேக்கல்ல. புத்தகம் கேட்டிச்சு.

— நபிமார் வரலாறு ஒண்டு வாங்குவம். இந்தா, எவ்வளவு பெரிய எழுத்து.

— எந்த எழுத்தா இருந்தா என்ன? சீனி வருத்தத்தில உம்மாட கண்ணு மங்கிக் கிடக்கு. வாப்பா வாசிச்ச மாதிரி இனி நான்தான் வாசிச்சுக் காட்டணும்.

— வெளியில ஆட்டோக்காரன் ஹோன் அடிக்கிறான் பாரு. கரைத்தீவுக்குப் போய்ச் சேர அசர் தொழுகை நேரம் ஆகிடும். வியாழக்கிழமை ஃப்ளைட் ஏறணும், காலையில இருந்து பாஸ்போட்டையும் காணல்ல. பெட்டிய ரெண்டு தரம் கொட்டிப் பாத்திட்டன்.

— துணிக்குள்ள எங்கயும் இருக்கும். லீவுல வந்ததிலிருந்து நீங்க இப்பிடித்தான் நானா. உம்மாட அறை வாசலுக்கு வருவீங்க, ஸலாம் சொல்லுவீங்க, போன் வந்த மாதிரி வெளிய போயிடுவீங்க. பக்கத்தில ஒரு கதிரையப் போட்டு இருந்ததே இல்ல. இங்கயும் பாருங்க, கால் ஒரு இடத்தில நிக்குதா? மார்க்கண்டு ஐயா! உள்ளுக்கா இருக்கிறீங்க?

— ஓம் ஓம், வாறன் பிள்ளை. மேல் தட்டில ஏறி நிண்டனான். ஆர், நஸீம் நானாட மகளெல்லோ? உங்கட வாப்பாட செய்தி கேட்ட அண்டைக்குக் கடை திறக்க மனம் வரேல்லை பாருங்கோ. வன்னியில இருந்து வந்து இந்தக் கடையை நான் போட்ட நாளில, முதல் புத்தகம் வாங்கின மனிசன் அவர். இவர் ஆர்?

— இவர் எங்கட மூத்தவர், முபாறக் நானா. கட்டார்ல வேலை.

— ஓ, கட்டார்ப் பிள்ளையோ! வாப்பாட குரல் அப்பிடியே இருக்கு. உள்ளுக்கு நிண்டு கேக்கேக்கை அவர்தான் வந்து நிக்கிறார் எண்டு நினைச்சனான் தம்பி.

— சரி சரி. வயசான ஒரு ஆளுக்கு நல்ல புத்தகம் ஒண்டு எடுத்துத் தாங்க ஐயா, போகணும்.

— அவர்ட கதையக் கேக்காதீங்க ஐயா. ஆறுகண் பறவை மூணாம் பாகம் தாங்க.

— மூண்டாம் பாகமோ? அதில அப்பிடி ஒண்டு இல்லையே பிள்ளை.

— முடிஞ்சிட்டா? கொழும்புல சொல்லி எடுக்கலாமா?

— முடியிறதுக்கு முதல் வரவேணுமெல்லோ? எழுதினவர் ரெண்டாம் பாகத்தோட விட்டிட்டார். உங்கட வாப்பா இதே இடத்தில நிண்டு என்னோட சண்டை பிடிச்சவர். "ஒரு பொம்புளப் புள்ளையக் கோபுர வாசல்ல நிக்க வெச்சிட்டு ஒரு மனிசன் எப்பிடி ஐயா நித்திரை கொள்ளுவான்?" எண்டு. ஏதோ நான் எழுதினது மாதிரி!

— அதெப்பிடி ஏலும்? நோன்புப் பெருநாள் முடிஞ்ச கையோட மூணாம் பாகம் தொடங்கினாரே வாப்பா. குசினியில ரொட்டி சுடச் சுட நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த.

— என்னத்தைக் கேட்டனீர்? ஒருக்கா சொல்லும் பாப்பம்.

— விடுங்க ஐயா, சின்னப் புள்ளைட கதை.

— நில்லுங்களே நானா! ஐயா, கோபுர வாசல்ல நிண்டாளே, அவ பறவையில ஏறி ஒரு கண்ணாடி நகரத்துக்குப் போறா. சுத்திவர மணல். அங்க ஒரு ராசா. வானம் முட்ட மாளிகை கட்டுவிக்கிறார், ஆனா ஒரு நாளும் தலையத் தூக்கிப் பாக்கமாட்டார். வேலைக்கு வாற ஆக்கள்ட பேரை வாங்கி இரும்பு அலுமாரியில போட்டுப் பூட்டிடுவார். பேர் இல்லாட்டி ஆரும் ஊருக்குத் திரும்பேலா. மஞ்சள் தொப்பியப் போட்டுக்கிட்டு வெயில்ல வேகுவாங்க. ஒருத்தன் எழும்பின பாய் சூடு ஆற முந்தி மத்தவன் அதில படுப்பான்.

— பிறகு என்ன பிள்ளை?

— அங்க ஒரு பொடியன். அவன்ட கூட்டாளி மாளிகை உச்சியில இருந்து விழுந்திடுறான். விழுந்தவன்ட பேர் அலுமாரிக்குள்ள. என்ன பேரைச் சொல்லி அழுறது எண்டு தெரியாம எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. அதைக் கேட்ட அண்டு உம்மா சாப்பாட்டில கை வைக்கல்ல. "கதைதானே உம்மா" எண்டு நான் சிரிச்ச.

— போதும் ஸஃப்னா!

— ஏன் கத்துறீங்க? கடைக்குள்ள எல்லாரும் பாக்கிறாங்க.

— நான் ஆட்டோக்குள்ள போய் இருக்கிறன்.

— போங்க! எப்பவும் அதுதானே. ஐயா, அந்தப் பொடியன் அலுமாரிச் சாவியத் தேடிப் போற இடத்தில கதை நிண்டிட்டு. அண்டைக்குத்தான் வாப்பாவ ஆஸ்பத்திரிக்கு ஏத்தின. அவன்ட பேர் அவனுக்குக் கிடைச்சுதா இல்லையா, அதத் தெரியாம உம்மா தவிச்சுக்கிட்டு இருக்குது. நான் எப்பிடி வெறுங்கையோட போவன்?

— இது அந்த எழுத்தாளற்றை கையே இல்லைப் பிள்ளை. அவருக்கு ராசாவும் மந்திரவாதியும்தான் தெரியும், பாய்ச் சூடு தெரியாது. உங்கட வாப்பா தானாக் கட்டின கதைதான் இது.

— வாப்பாவா? மன்னார்ல இருந்து சண்டை நேரம் எங்களத் துரத்தின பொறகு, இங்க வந்து சேந்து புத்தளம் தாண்டாத மனிசன் ஐயா அவர். கொழும்பு பஸ்ஸில ஏறினாலே வயித்தக் கலக்கும். அவருக்குக் கண்ணாடி நகரம் எப்பிடித் தெரியும்?

— அதுதான் எனக்கும் விளங்கேல்லை. அங்கை பாரும் பிள்ளை, தம்பி போகேல்லை. வாசல்லயே நிக்கிறார்.

— அல்லாஹ்வே, போன்ல உம்மா கோல் எடுக்குது! நானா, இங்க வாங்க. ஸ்பீக்கர்ல போடுறன். புத்தகம் இல்லையெண்டு நீங்களே சொல்லுங்க, என்னால ஏலாது.

— என்னாலயும் ஏலாது. நீயே சொல்லு.

— மகள், புத்தகம் கிடைச்சுதா?

— இல்ல உம்மா. மூணாம் பாகமே கிடையாதாம். வாப்பா சும்மா கட்டிச் சொல்லியிருக்கிறார்.

— அது எனக்குத் தெரியும்.

— தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா எங்களைக் கடைக்கு அனுப்பின?

— கண்ணுதான் மங்கல், கை மங்கல் இல்லையே மகள். வாப்பாட மடியில இருந்தது ரெண்டாம் பாகம். அதுட கிழிஞ்ச அட்டைய நான்தானே ஒட்டின. அவர்ட ஒரு காதில போன் வயர் தொங்கும். கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், பொறகு கொஞ்சம் வாசிப்பார். பக்கம் திருப்பிற சத்தமே வராது. முபாறக் பக்கத்தில நிக்கிறானா?

— நிக்கிறார். நானா... என்ன நானா இது? ஏன் அழுறீங்க?

— நிக்கிறன் உம்மா. வாப்பாதான் கேட்டாரு. "உம்மா மூணாம் பாகத்துக்கு ஏங்கிப் போய்க் கிடக்கா, போன்ல வாயில வாறதச் சொல்லு மகன், நான் வாசிக்கிற மாதிரிச் சொல்லிக்கிறன்" எண்டு. எனக்கு ராசா கதையெல்லாம் எங்க தெரியும்? அங்க உள்ளதத் தவிர எனக்கு என்ன வரும்? எங்கட பாஸ்போட்ட முதலாளி வாங்கிப் பூட்டிடுவான், அதத்தான் பேர் எண்டு சொன்ன.

— விழுந்தது ஆரு மகன்?

— ஜபார். என்ட அறையில இருந்தவன்.

— இன்னாலில்லாஹ்... அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு. கதைக்கு ஆரும் அப்பிடித் தேம்பித் தேம்பி அழமாட்டாங்க. வாப்பாட வாய் வாசிக்குது, அவர்ட கண்ணீர் என்ட கையில விழுகுது. எண்டாலும் நான் கேக்கல்ல. கேட்டா நீ கதையையும் நிப்பாட்டிடுவாய் எண்டு பயம்.

— நீங்க கேட்டிடுவீங்க எண்ட பயத்திலதான் நானும் உங்கட அறைக்குள்ள வராம நிண்ட உம்மா.

— ஓம், வாசலோட போறாய், வாசலோட வாறாய். புத்தகம் கடையில இல்லையெண்டு உனக்கும் தெரியும். தெரிஞ்சும் போனாய்தானே? அந்த மட்டுக்கும் என்னால உன்னக் கதைக்குப் பக்கத்தில கொண்டு வர ஏலுமாயிருந்திச்சு.

— இப்ப வாறன் உம்மா. பக்கத்தில இருந்து முடிவச் சொல்றன். நல்ல முடிவு. பொடியனுக்குச் சாவி கிடைக்குது, அவன்...

— அவன் திரும்ப அந்த நகரத்துக்கே போறானாக்கும்.

— போகாட்டி வீட்டுக் கூரை எப்பிடி உம்மா முடியும்?

— ஓலைக்குக் கீழதான் உங்களைப் பெத்து வளத்த நான். கூரையப் பத்தி எனக்குச் சொல்லாத. முடிவ நீ சொல்ல வேணாம், நான் சொல்றன் கேளு. வீட்டுக்கு வந்து பாஸ்போட்டைத் தேடாத மகன். இனி உன்ட பேர் என்ட அலுமாரியில, சாவி என்ட மடியில.