பல்வலி வந்த டிராகன்

...அழுதுடுச்சு சார்! டிராகன் அழுதுடுச்சு! நெருப்பு கக்க வேண்டிய ஜந்து, என் கதையில உக்காந்து தேம்பித் தேம்பி அழுவுது. அதப் படிச்சுட்டு, கதை எழுதுற வகுப்புல எங்க வாத்தியார் சொல்றாரு, "டாக்டரம்மா, நீங்க எழுதுறது ஃபேண்டஸி நாவல் இல்ல, கேஸ் ஷீட்டு"ன்னு! சொல்லலாமா சார், அத்தன பேர் முன்னாடி? வாயத் தொறங்க. இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே வச்சுக்கங்க. இப்பதான் ஊசி போட்டிருக்கேன், மரத்துப் போகட்டும். அதுவரைக்கும் பேசிட்டிருப்போம்.

நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க? இளவரசி வாளத் தூக்கிக்கிட்டு குகைக்குள்ள போறா. டிராகன் வாயத் தொறக்குது. மத்தவங்க நெருப்பப் பாப்பாங்க, எனக்குக் கண்ணு நேரா கடவாப்பல்லுக்குப் போவுது. கீழ்வரிசையில இவ்ளோ பெரிய சொத்தை! அந்த வலியிலதான் அது ஊரக் கொளுத்துது, பாவம்! வலி வந்தா யாருக்குத்தான் கோவம் வராது? இளவரசி வாளக் கீழ வச்சுட்டு பல்லப் புடுங்கி விட்டுட்டா. அது நன்றி சொல்லிட்டுத் தூங்கிடுச்சு. அவ்ளோதான், கதை முடிஞ்சுபோச்சு! வாத்தியார் நானூறு பக்கம் கேக்குறாரு, என்னுது நாப்பதுலயே குணமாயிடுச்சு.

ஒதட்டத் தொடறேன்... தெரியுதா? தெரிஞ்சா ஒரு கையத் தூக்குங்க. ரெண்டு கையையும் ஏன் சார் தூக்குறீங்க? சரி சரி, இன்னும் மரத்துப் போகல.

இந்த வகுப்புல நான் தனியா சேந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். கூடவே எங்க நாத்தனாரும் சேந்துட்டா. ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ் அவ. அவ ஒரு சூனியக்காரிய எழுதியிருக்கா பாருங்க... மந்திரம் கெடையாது, மாயம் கெடையாது. பின்னாடி வந்து நின்னுக்கிட்டு, மெதுவா, "எழுந்து நில்லு"ம்பா. அவ்ளோதான்! நாத்தனார் அதப் படிச்சப்ப வகுப்புல ரிட்டயர்டு போலீஸ்காரர் ஒருத்தர் நெஜமாவே எழுந்து நின்னுட்டாரு சார்! ஒரே கைதட்டல். எங்க வீட்டுக்காரர், தன் தங்கச்சி எழுதினதப் படிச்சதுலேர்ந்து வெளக்க அணைக்காமத் தூங்குறாரு. என் டிராகனப் படிக்கக் குடுத்தா? கொட்டாவி! எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

துப்புங்க. அந்தக் கிண்ணத்துல... ம். மரத்துடுச்சு, சொத்தையச் சுரண்ட ஆரம்பிக்கறேன். மறுபடி ஆ.

வாத்தியார் சொல்லிக் குடுக்கலைன்னு சொல்ல மாட்டேன். கதைக்கு முன்னாடி உலகத்தக் கட்டுங்க, மேப் போடுங்கன்னாரு. நானும் ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து போட்டேன். மேல வளைவா வரிசையா ஊருங்க, கீழ வளைவா வரிசையா ஊருங்க, நடுவுல செவப்பா ஒரு தீவு. நாத்தனார் எட்டிப் பாத்துட்டு, "அண்ணி, உங்க நாட்ட நல்லா ஆ காட்டச் சொல்லுங்க"ங்கறா!

அப்புறம், மந்திரத்துக்கு ஒரு வெல இருக்கணுமாம். சும்மா கைய ஆட்டி மழை பெய்ய வச்சா யாரும் நம்ப மாட்டாங்களாம், மந்திரவாதி எதையாவது இழக்கணுமாம். சரின்னு, ஒரு மந்திரத்துக்கு ஒரு பல்லுன்னு வச்சேன். சண்டை உச்சத்துக்குப் போவுது, மனுஷனுக்குப் பொக்கை வாயி, மந்திரம் காத்தாப் போவுது! எனக்கு மனசு கேக்கல. பல்செட் கட்டிக் குடுத்துட்டேன். வாத்தியார் தலையில கைய வச்சுக்கிட்டாரு.

சிரிக்காதீங்க சார், பஞ்சு உள்ள போயிடும். சிரிக்கலையா? நடுங்குறீங்களா? ஏசியக் கொறைக்கச் சொல்றேன்.

இன்னைக்கு சாயங்காலம்தான் வாத்தியார் குடுத்த கடைசி கெடு. பயப்படற மாதிரி ஒரே ஒரு பக்கம் கொண்டாங்க, இல்லைன்னா குட்டிப் பசங்க கதை வகுப்புக்கு மாத்திடுவேன்னுட்டாரு. அவ இந்த வகுப்புல, நான் அந்த வகுப்புலயா? வீட்டுல தலை காட்ட முடியுமா? அதுகூடப் போவட்டும் சார். எனக்கு ஆசையா இருக்கு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு சின்ன ஓட்டைக்குள்ளயே பாத்துக்கிட்டிருக்கற கண்ணு இது. இதுக்கு ஒரு முழு உலகம் கெடச்சிருக்கு. அதப் போயி விட மனசு வருமா?

ஆனா பயம்னா என்னன்னே எனக்குத் தெரியலையே! இத்தன வருஷத்துல ஒருத்தரையாவது பயமுறுத்தியிருப்பேனா? நாற்காலிக் கைப்புடிய விடுங்க சார், பிஞ்சு வந்துடப் போவுது. நீங்களே சொல்லுங்க, உங்களுக்கு எதப் பாத்தா பயம்? பேச முடியாது, சரி, சும்மா கையக் காட்டுங்க. பாம்பா? பேயா? இல்லையா? எங்கயோ காட்டுறீங்களே... என் பின்னாடியா? பின்னாடி கேலண்டர்தான் இருக்கு. இருங்க, நான் நகர்ந்துக்கறேன்... இப்பவும் கை என் பக்கமே வருதே... இந்தப் பக்கம் வந்தேன்... மறுபடியும்...

நானா?!

ஐயோ சார்! நானா! என்னைப் பாத்தா! அட கடவுளே, இது எனக்குத் தோணவே இல்லையே! நீங்க நல்லா இருக்கணும் சார்! பேனா எங்க... இந்த டிரில்லக் கீழ வைக்கறேன், ஒரே நிமிஷம். டிராகனுக்கு நெருப்பும் வேணாம், றெக்கையும் வேணாம். வெள்ளக் கோட்டு. மூஞ்சியில வெளிச்சம் அடிக்குது. இளவரசி மல்லாந்து படுத்துக் கெடக்குறா, வாயில பஞ்சு, கத்த முடியல. அது மெதுவாக் குனியுது. சிரிக்குது. சிரிச்சுக்கிட்டே சொல்லுது... "வலிக்கவே வலிக்காது!"

எப்படி சார்? எனக்கே கையெல்லாம் புல்லரிக்குது பாருங்க... சார்?

நர்ஸம்மா! இங்க நாற்காலியில இருந்தவர் எங்க? படியில ஓடுறாரா? பாதிப் பல்லோடயா! புடிங்க... வேணாம் வேணாம், விடுங்க, புடிக்காதீங்க! ஒரே ஒரு வரிதான் படிச்சேன், மனுஷன் ஓடியே போயிட்டாரு! ஒரே வரிக்கே! நாத்தனார் ஒருத்தர எழுப்பி நிக்கத்தான வச்சா?

அடுத்தவர உள்ள அனுப்புங்க. ரெண்டாவது வரி தயாரா இருக்கு.