அருள்நாயகத்தாரும் சாக்ஸபோனும்

...இல்லைப் பிள்ளை, அந்த வாஷிங் மெஷினிலை போடாதையும், அது உடுப்பைக் கிழிக்கும். இதிலை போடும். எங்கை விட்டனான்... ஓம், றேடியோ. அந்த றேடியோ தான் என்ரை மனிசனைப் பழுதாக்கினது.

அருள்நாயகம் எண்டு பேர். லிஃப்ற்றிலை கண்டிருப்பீர், ஒருத்தரையும் பாக்காமல் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிப்பார். பிறம்ரனிலை ஒரு வெயர்ஹவுசிலை வேலை. காரிலை போகேக்கையும் வரேக்கையும் வாவிக்கு அங்காலை, அமெரிக்காவிலை பஃபலோவிலை இருந்து வாற ஒரு றேடியோவைக் கேக்கத் துவங்கினார். அதிலை ஒருத்தன் நாள் முழுக்கக் கத்துவான். அரசாங்கம் கள்ளர், வரி அநியாயம், வெளியிலை இருந்து வாறவையாலை நாடு கெட்டுப்போச்சு... இவர் வந்து சப்பாத்துக் கழட்ட முந்தி அதெல்லாத்தையும் எனக்குத் திருப்பிச் சொல்லுவார். நான் கேட்டன், இஞ்சருங்கோ, நாங்கள் எப்படி வந்தனாங்கள் எண்டு. அதே பஃபலோ எல்லையிலை, ஒரு சேர்ச்சின்ரை நிலவறையிலை படுத்தெழும்பியல்லோ ரொறொன்ரோவுக்கு வந்தனாங்கள். அதுக்கு, நாங்கள் வேறையாம், இப்ப வாறவை வேறையாம்.

போன கார்த்திகை அமெரிக்காவிலை தேர்தல் நடந்து இவரின்ரை ஆக்கள், அதுதான் அந்த றேடியோக்காரன்ரை கட்சி, அங்கத்தைப் பாராளுமன்றத்தைப் பிடிச்சிட்டினம். அண்டைக்கு என்னைக் கேசரி கிண்டச் சொன்னார். எங்களுக்கு அங்கை ஒரு வோட்டுக்கூட இல்லை, கேசரி மட்டும் இஞ்சை.

நானும் யோசிச்சுப் பாத்தன் பிள்ளை. உது அரசியலே இல்லை. இந்த மனிசனுக்கு ஒண்டும் அசையக்கூடாது. கீழை லொபியிலை பழைய சோபாவை மாத்தினாங்கள், அண்டைக்கு இவருக்குச் சாப்பாடு இறங்கேல்லை. தலைமயிர் வெட்டுறவன் தூரத்திலை விட்பி எண்ட ஊருக்குக் கடையை மாத்திப்போட்டான், இவரும் தலையைக் கொண்டு விட்பி மட்டும் ஓடுறார். வீடு, வளவு எல்லாத்தையும் அப்படியே போட்டிட்டு ஓடிவந்த ஆள் பாரும். மிச்சம் இருக்கிறதையாவது ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு நிக்கிறார். அந்த றேடியோக்காரனும் அதைத்தானே சொல்லுறான்... தொடாதை, மாத்தாதை எண்டு. அதுதான் அப்படி ஒட்டிக்கொண்டுது.

சங்கீதத்திலையும் அதே கதைதான். நாதசுவரம் எண்டால் உயிர், அதிலையும் தோடி. கோயிலிலை கீபோட் சத்தம் கேட்டால் எழும்பி வெளியிலை போயிடுவார். அந்த நேரம் பாத்து அமெரிக்காவுக்கு வாய்ச்சதும் சாக்ஸபோன் ஊதுற சனாதிபதி. வரியைக் கூட மன்னிப்பார் போலை, சாக்ஸபோனை மன்னிக்கமாட்டார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரீவீயிலை உதை ஊதுறவன் எப்படி நாட்டை ஆளுவான் எண்டு என்னைப் பிடிச்சு வைச்சுக் கேப்பார்.

எங்கடை மகள் மயூரி பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக் குழுவிலை சேந்து, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திறந்தால்... உள்ளுக்கை சாக்ஸபோன்.

வீட்டிலை ஊதக்கூடாது எண்டிட்டார். அவளும் தேப்பனைப் போலை தான், பிடிச்சால் விடமாட்டாள். கீழை நிலவறைப் பாக்கிங்கிலை, என்ரை காருக்குள்ளை இருந்து ஊதினாள். ரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. ஒரே மேசையிலை இருந்துகொண்டு, உப்பைத் தரச் சொல்லுங்கோ எண்டு எனக்குச் சொல்லுவாள். மாசக்கணக்கா நான் நடுவிலை தபால்காரி.

எனக்கும் அலுத்துப்போச்சு. சாக்ஸபோன் கதையை எனக்கேன் சொல்லுறியள், அந்த றேடியோக்காரனுக்கே போன் பண்ணிச் சொல்லுங்கோவன் எண்டு ஒருநாள் பகிடிக்குச் சொல்லிப்போட்டன். மனிசன் குளிச்சு, நல்ல சேட் ஒண்டு போட்டுக்கொண்டு வந்து போனுக்கு முன்னாலை இருந்தார். ஓம் பிள்ளை, போனுக்குச் சேட் மாத்தினவர்.

லைன் கிடைச்சுது. வடிவான இங்கிலீசிலை துவங்கினார்... சங்கீதம், ஒழுக்கம், ஆளுறவனுக்கு வேண்டிய அடக்கம். மயூரி அறைக்குள்ளை றேடியோவைப் போட்டிட்டாள், எனக்கு ரண்டு பக்கத்தாலையும் கேக்குது. அந்தக் காவாலி நடுவிலை மறிச்சு, எங்கை இருந்து கதைக்கிறாய் எண்டான். ரொறொன்ரோ எண்டார். அதுக்கு முந்தி எங்கை எண்டான். யாழ்ப்பாணம் எண்டு இவர் பெருமையா எழுத்துக்கூட்டி வேறை சொன்னார். அவன் இவரைப் போலை கதைச்சுக் காட்டிச் சிரிச்சான், பிள்ளை. எங்கடை நாட்டுப் பாட்டைப் பற்றிக் கதைக்க நீ ஆர் எண்டு கேட்டிட்டு லைனை வெட்டிப்போட்டான். பிறகு மெத்தை விளம்பரம் போச்சுது.

இவர் போனைக் காதிலை வைச்சபடியே இருந்தார்.

மயூரி வெளியிலை வந்தாள். நல்லா வேணும் எண்டு சொல்லப்போறாள் எண்டு நினைச்சன். அவள் போனை மெல்ல வாங்கி வைச்சிட்டு, "அவன் ஒரு இடியட், அப்பா" எண்டாள்.

அதோடை இவர் காரிலை அந்த றேடியோவைப் போடுறதை விட்டிட்டார். ஒருநாள் வேலையாலை வந்த மனிசன் மேலை வரேல்லை. இறங்கிப்போய்ப் பாத்தால் பாக்கிங்கிலை தூணுக்குப் பின்னாலை நிண்டு அவள் ஊதுறதைக் கேக்கிறார். பிறகு காருக்குக் கிட்டப் போனார். நல்லாயிருக்கு எண்டு சொன்னாரெண்டு நினைக்கிறீரோ?

"அந்தச் சுரத்தை மொட்டையா விடாதை. நாதசுவரத்திலை மாதிரி ஆட்டு" எண்டார்.

"அப்பா, இது ஜாஸ்."

"எதெண்டாலும் ஆட்டு."

ஆட்டினாள் பிள்ளை. அந்தக் கொங்கிறீற்றுக்குள்ளை அது சுத்திச் சுத்தி வர எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. இவர் கண்ணை மூடிக்கொண்டு கார்க் கதவிலை தாளம் போட்டார். அதுவும் பிழையான தாளம்.

திருந்திட்டார் எண்டு நினையாதையும். வரியையும் அரசாங்கத்தையும் இப்பவும் திட்டுறார்தான், றேடியோக்காரன்ரை உதவியில்லாமல் தானே திட்டுறார். சனாதிபதி ஊதினதும் பிழைதானாம்.

உடுப்பு முடிஞ்சுது போலை... கொஞ்சம் நில்லும். சுவருக்கு அங்காலை, பாக்கிங்கிலை சத்தம் கேக்குதோ, மாடு கத்துறது மாதிரி? அது மயூரி இல்லை. மயூரி மேலை சோதினைக்குப் படிக்கிறாள். அது இவர் தான், அவளின்ரை சாக்ஸபோனை ஒளிச்சு எடுத்துக்கொண்டு வந்திட்டார்.

போகேக்கை அந்தக் கதவாலை போகாதையும் பிள்ளை. ஆரும் கேக்கினம் எண்டு கண்டால் ஊதுறதை விட்டிடுவார்.