இடது பக்கத்து முன்சக்கரம்

ஹலோ... நெடுஞ்செழியன் சாரா? மெக்கானிக் தமிழ்வாணன் பேசறேன். சார், ஷெட்டுல உங்க கார காணோம், நீங்களா எடுத்தீங்க?... எங்க கீறீங்க இப்ப?... போளூர் ரோடா? ஓட்டிகினா பேசறீங்க?... ஐயையோ! சார், ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க. வேலை முடியல சார்!

யாரு சொன்னா முடிஞ்சிடுச்சின்னு?... டயருக்கு அடியில எலுமிச்சம்பழமா? ஐயோ சார், இன்னிக்கு அமாவாசை! ஷெட்டுல நிக்கிற எல்லா வண்டிக்கும் என் சம்சாரம் வெப்பா. டெலிவரிக்கு வெச்ச பழம் இல்ல சார் அது!

கேளுங்க, கேளுங்க. இடது பக்கத்து முன்சக்கரத்துல பேரிங் மாத்தினேன். அதைப் புடிக்கிற நட்ட சும்மா கையால சுத்தி வுட்டிருக்கேன். புது நட்டு வாங்கத்தான் பஜாருக்குப் போனேன். பிரேக்ல காத்து எடுக்கவே இல்ல... ஆமா... ஆமா சார், மிதிச்சா பெடல் அடி வரைக்கும் போவும், வண்டி நிக்காது.

திட்டுங்க... ஆமா, கம்பெனி சர்வீஸ்ல முப்பதாயிரம் சொன்னத நான் எட்டாயிரத்துல முடிக்கிறேன்னேன், ஒத்துக்கறேன். அப்பறமா எவ்ளோ வோணா திட்டுங்க. எவ்ளோ ஸ்பீடு?... முன்னாடி இன்னா போவுது?... கரும்பு டிராக்டரா... ஓவர்டேக் வாணாம், ஸ்டியரிங்க ஒடிக்காதீங்க. போன யாராண்டயாவது குடுங்க. கூட யாரு?

...அம்மணியா? எந்த அம்மணி?

எங்க அம்மணியா?... என் சம்சாரமா சார்?... போளூருல அவ அம்மா வூட்ல எறக்கி வுடறதுக்கு ஏத்திகினீங்களா...

இல்ல... இல்ல, கேக்குது. லைன்லதான் கீறேன்... அம்மணி, ஸ்பீக்கர்ல போடு. நீ பேசாத. சார், மூணாவது கியரு... வுழுந்துச்சா?... ரெண்டாவது... கடகடன்னு சத்தமா? வரட்டும், நேரா புடிங்க. இப்ப ஹேண்ட் பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா தூக்குங்க. வெடுக்குனு இழுக்காதீங்க!... இன்னும்... இன்னும் கொஞ்சம்... அம்மணி, கத்தாதடி!

...

சார்?... சார்! நின்னுடுச்சா?... எதுலயும் இடிக்கலியே?... கடவுளே... எறங்குங்க, மொதல்ல ரெண்டு பேரும் எறங்குங்க... சக்கரம் சாஞ்சிகினு கீதா?... நட்டே இல்லியா...

இன்னாங்க சார்?... கம்பெனிக்கே போன் போட்டு எடுத்துகினு போவச் சொல்றீங்களா... சொல்லுங்க சார். தப்பு என்னுது. சாவிய வண்டிலயே வுட்டுட்டுப் போனேன், ஸ்டியரிங்ல வேலை முடியலன்னு ஒரு அட்டை எழுதி மாட்டல. சோம்பேறித்தனம். இனிமே எவன் சார் என்னாண்ட வண்டி வுடுவான்... சரிங்க... சரிங்க சார். போன அம்மணிகிட்ட குடுங்க.

அம்மணி... எங்கியாவது அடிபட்டுதா?... அழுவாத... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறக் கூடாதா?... சரி, சரி, திட்டல. உனுக்கு ஒண்ணுன்னா நான் செத்தே போயிருப்பேன்டி... ஓரமா நில்லு, ஜல்தி வரேன். இதோ, பைக்க எடுக்கறேன்.

...இன்னாது?... டூல்ஸ எடுத்துகினு வரணுமா? எதுக்கு? சார்தான் கம்பெனிக்குன்னு... நீ பேசினியா? இன்னா பேசின?... ஒத்துகினாரா?...

நான் சக்கரத்த பூட்டி முடிச்சதும் மொத ஆளா நீயே அதுல ஏறி ஒக்காருவேன்னா சொன்ன?...

...

ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்லடி... டூல்ஸும் புது நட்டும் எடுத்துகினு வரேன். வெக்கிறேன்.