தகரத்தில் பெய்த மழை

டொட்டு டொட்டுன்னு கேக்குதே, அதுவா சார்? கூரை ஒழுவுது. தாலுக்கா ஆபீசுல பழைய பதிவேடு அடுக்குற ரூமு. கீழ வாளி வச்சிருக்கேன். இருங்க, சன்னலத் தொறக்குறேன். ராத்திரி நல்ல மழை. மூணு மணிக்குத்தான் விட்டுச்சு. நைட் வாட்ச்மேனுக்குத் தெரியாம எந்த மழை பேஞ்சுட்டுப் போவுது.

உக்காருங்க. அந்த பெஞ்சுக்கு மூணு காலுதான், செவுத்தோரமா உக்காந்தா ஆடாது. செந்துறை பஸ் ஒம்போதே காலுக்கு. எங்க ஊருக்குப் போயே ஆவணுமா சார்? நான் மழைக் கணக்கு எழுதுன நோட்டுதான் உங்க கையில இருக்குதே. வூட்டுல மழை அளக்குற தகரத்தையும் நேர்ல பாக்கணுமா... சரி. காலேசுல பாடம் நடத்துறவங்க. நான் போட்ட ஒரு கார்டுக்கு மதிச்சு திருச்சிலேருந்து வந்திருக்கீங்க. புஸ்தகத்துல என் பேரும் போடுறேங்குறீங்க. பாவாடைன்னு, அச்சுல. டீ சொல்லட்டுமா? வேணாமா.

வாசல்ல மழைமானி பாத்தீங்கல்ல? தெனம் காலையில எட்டரைக்கு அத அளந்து சொல்றது நான்தான். வேலைன்னு யாரும் குடுக்கல. கிளார்க்குக்கு குனிஞ்சா முதுகு புடிச்சுக்கும், நீ பாத்துச் சொல்லுன்னாரு. அப்படியே ஒட்டிக்கிச்சு.

தனியா நோட்டு எதுக்குன்னா, ஒரு நாளு சைக்கிள்ல ஊருக்குப் போறேன். பொய்யாதநல்லூர் தாண்டி ஒரு புளியமரம். அதுவரைக்கும் தொப்பலா நனைஞ்சேன். மரத்துக்கு அந்தாண்ட புழுதி பறக்குது. முன்சக்கரம் காஞ்ச ரோட்டுல, பின்சக்கரம் ஈரத்துல. நின்னுட்டேன் சார். ஒரு மழைன்னா அது எதுவரைக்கும்? யாரக் கேட்டாலும் சிரிப்பு. அப்ப இருந்த தாசில்தார் அய்யா, அதெல்லாம் உனக்கு எதுக்குய்யா, போயி கேட்ட மூடுன்னாரு.

எட்டாவது பாஸ் பண்ணா பியூன் ஆகலாம்னு, நாப்பது வயசுல பரீட்சை கூட எழுதினேன். மழை எப்படி உண்டாகுதுன்னு ஒரு கேள்வி. அது ஒண்ணுக்கே நாலு பக்கம். மணியடிச்சுட்டாங்க. பெயிலு. சிரிங்க சார், பரவால்ல. எம் பொண்டாட்டியும் சிரிச்சா.

ஆண்டாயின்னு பேரு. மாட்டுக் கொட்டாய்க்கு முன்னால ஒரு பிஸ்கட் தகரத்த வச்சேன். மழை பேஞ்சா ஒடனே சொல்லிவுடு, தண்ணி காயறதுக்குள்ள வந்து அளக்கணும்னு அவகிட்ட சொன்னேன். அதுக்கு முன்னாடி நான் ஊருக்குப் போறது மாசத்துக்கு ஒரு தடவதான். ராத்திரி பூரா முழிப்பு. பகல்ல இங்கயே ஒரு மூலையில கெடந்து, பொட்டலம் மடிச்சு வந்த காயிதத்தயெல்லாம் படிச்சுக்கிட்டுக் கெடப்பேன். வூடுன்னு ஒண்ணு இருக்குறதே மறந்துடும். மறந்துடும்னா... கால் போவல, அவ்வளவுதான்.

தகரம் வச்சதுக்கப்புறம் கண்டக்டர் நல்லுசாமி வந்து சொல்லுவான். மாமா, வூட்டுல மழையாம், தண்ணி நிக்கிதாம். அடுத்த பஸ்ஸுல ஓடுவேன். ஸ்கேல வுட்டு அளப்பேன், எழுதுவேன், அவ சோறு போடுவா. பொழுது சாயத் திரும்பிடுவேன். நல்லுசாமிக்கு ஒரே கிண்டல். ஏன் மாமா, மேகம் உங்க வூட்டு மேல குடக்கூலிக்கு வந்திருக்குதாம்பான்.

ஆமா சார், நீங்களும் அதத்தான் கேக்குறீங்க. எம்பத்திமூணுல இங்க சொட்டு கெடையாது, அங்க மாசத்துக்கு நாலு மழை. பக்கத்துல காடா, மலையான்னு கேட்டீங்க. ஒண்ணுமில்ல. சோளக்கொல்லைதான். அதுவும் அந்த வருசம் கருகிப் போச்சு.

அந்தக் கருகின சோளத்துக்குள்ளாறதான் நானும் நடந்து போனேன். கண்ணு அதுல நிக்கல, நோட்டுலயே நின்னுச்சு. சித்திரையில ஒரு நாளு குந்தி அளக்குறேன். தகரத்துல தண்ணி, அதச் சுத்தி மண்ணு மாவா கெடக்கு. கோழி கெளறுது. வெரல நனைச்சு நாக்குல வச்சேன். கரிச்சுச்சு சார். எங்கூருக் கெணத்துத் தண்ணி கரிக்கும். மழைத் தண்ணி எங்கயாவது கரிக்குமா?

அந்தக் கெணறு ஒரு மைலு. அந்த வருசம் ஒரு கொடத்துக்கு பொழுதன்னிக்கும் நிக்கணும்.

அவ அடுப்புக்கிட்ட இருந்தா. திரும்பாமயே, எவ்வளவுன்னா. பதினாலு மில்லின்னேன். எழுதிக்கன்னா.

எழுதிக்கிட்டேன். மூணு வருசமா எழுதிக்கிட்டுதான் இருக்கேன்.

நோட்டுல ஆபீஸ் மழை எழுதுன கட்டத்த எடுத்துக்குங்க, ஒரு மில்லி பிசகாது. வூட்டுக் கட்டத்த புஸ்தகத்துல சேக்காதீங்க. என் பேரும் வேணாம். ஊருக்கு மட்டும் போவாதீங்க சார். தகரத்தப் பாத்து நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா, அவ அதோட ஊத்துறத நிறுத்திடுவா.

மணி எட்டரை ஆவுது. கொஞ்சம் நவுந்துக்குங்க, அந்த அளவு கிளாஸ எடுக்கணும். வாசலுக்கு வாங்களேன், நின்னு பாருங்க. ஒரு சொட்டு சிந்தாம ஊத்தணும்... இருவத்திரெண்டு... இருவத்திமூணு.

அந்த நோட்டக் குடுங்க சார், எழுதணும்.