போர்வைக்குள் வைத்த கம்பளி

தெமோதரையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், டெய்லர் அக்கா ஒருவர், மடியில் தையல் மெஷினோடு ஓர் இளம் பெண், பின் சீட்டில் நான்.

“கம்பளிய வச்சுத் தைச்சு நாத்தனா மெஷின கெடுத்துட்டேன்கா. ரிப்பேருக்குக் கொண்டு போறேன்,” என்றாள் அவள்.

“எந்தக் கம்பளி?”

“தேயிலைக் கொழுந்து பறிக்கிறப்ப மலையில மழைக்குப் போர்த்துறது. எல்ல டவுன்ல ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குப் போர்வை கேட்டாங்க. குளிருமேன்னு ரெண்டு துணிக்கு நடுவுல வச்சேன்.”

“அடியே, அதுல அட்டையே கடிக்க முடியாது. ஊசி எப்படிப் போகும்?”

“உடைஞ்சு உடைஞ்சு போகுது. தையல்ல பூப்போடத் துணிய வளைச்சு நகத்தவும் முடியல.”

“கையால நகத்திப் பூப்போடப் பழகறவங்க மெல்லிசான பருத்திப் பஞ்சு விரிப்புதான் வைக்கணும். அது துணியோட ஒட்டிக்கும், நழுவாது. மொத்தமானதெல்லாம் கை பழகின பிறகு.”

அக்கா மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். சத்தமில்லாமல் சுற்றியது.

“மெஷினுக்கு ஒண்ணுமில்ல.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

அவள் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

“அப்போ நாத்தனாகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்.”

“ஊசிய மட்டும் வாங்கி வச்சிடு. எத்தனை உடைச்ச?”

விரல் விட்டு எண்ணினாள்.

“பதினொண்ணு.”