மீடியம்

இன்ஸ்பெக்டர் ஐயா, பார்சலைப் பிரித்த சுவடு தெரியாமல் மறுபடி ஒட்டுவது பெரிய வித்தையில்லை. இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் காட்டினால் ஒட்டு தானாக விட்டுக்கொடுக்கும்.

கீழே என் தையல் கடை. அவள் மூன்றாம் மாடி. வாரத்துக்கு இரண்டு உடுப்பாவது வாங்குவாள். பகலில் ஆபீஸ் போய்விடுவதால் பார்சலெல்லாம் என்னிடம்தான் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க நான் என்ன சாமியாரா?

ஒரு நாள் மூட்டையோடு வந்து நின்றாள். உடம்பில் போட்டிருந்தது போக வீட்டில் இருந்த உடுப்பு அத்தனையும். நான் அவள் உடம்புக்கென்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தவை. தையல் மெஷின் துடைக்க வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"இதைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சது யாரோக்கா. நான் இல்ல."

அப்படியானால் நீ யார் என்று பார்க்க எனக்கும் ஆசை வந்தது.

அடுத்த பார்சலில் வந்த உடுப்பை இரண்டு பக்கமும் அரை விரல் உள்ளே பிடித்துத் தைத்தேன். 'மீடியம்' என்ற சீட்டைத் தொடவில்லை. அன்று சாயங்காலமே இறங்கி வந்தாள், முகத்தில் ஈயாடவில்லை. ஜிப் பாதியில் நின்றுவிட்டதாம். அடுத்த சைஸ் வாங்கேன் என்று நல்லவிதமாகத்தான் சொன்னேன்.

"அது வேற ஒருத்தியோட சைஸ்க்கா" என்று முனகினாள்.

பழையதில் ஒன்றை வைத்திருந்தால் போட்டுப் பார்த்துப் பிழைத்திருப்பாள்.

முதலில் ராத்திரிச் சாப்பாடு நின்றது, பிறகு பகல் சாப்பாடும். அவள் இளைக்க இளைக்க நானும் பிடித்துக்கொண்டே போனேன். எடை இறங்குவதாக மெஷின் காட்டியதை அவள் நம்பவில்லை. மெஷின் பொய் சொல்லும், துணி சொல்லுமா என்று என்னையே கேட்டாள். அளவெடுக்கச் சொன்னாள். எடுத்தேன். அளவை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். டேப்பைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடியிருந்தாள். இடுப்பெலும்பு என் கையில் குத்தியது.

"கண்ணாடியில குண்டா ஒருத்தி நின்னு என்னையே பாக்கிறாக்கா. மூடி வச்சாலும் போக மாட்டேங்கிறா."

செவ்வாய்க்கிழமை படியில் சரிந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

புதன்கிழமை அவள் பெயருக்கு இன்னொரு பார்சல் வந்தது. அவள் இல்லை என்று தெரிந்துதான் பிரித்தேன், பிடித்தேன், ஒட்டினேன். உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அதுதான். எடுத்துப் போய் அவளுக்குப் போட்டுப் பாருங்கள், ஐயா. தொளதொளவென்று இருந்தால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். அவள் உடம்பு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.